ரிமோட்டின் வலது பாதி

அன்று மதியம் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: பெரம்பூரில் அந்தக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு இடது பக்கத்து வீட்டில் சபாநடேசன் ஒருவர். அவருக்குத் துணையென்று சொல்ல, டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி, ஜன்னல் மேடையில் இரண்டு புறா. நடைக்கு எதிர்ப்பக்கத்து வீட்டில் எத்திராஜுலு, அவர் மகள் லாவண்யா, சாமான் கட்ட வந்த ஆட்கள் மூன்று பேர். டிவி விளையாட்டுக்குள், உப்பு விளையும் ஒரு துறைமுக ஊரில், முப்பத்தேழு பேர். அந்த ஊரில் நடமாடிக்கொண்டிருந்த ரத்தக்காட்டேரியைச் சபாநடேசன் கணக்கில் சேர்ப்பதில்லை. அவன் ஏற்கெனவே செத்தவன்.

எதிர்வீட்டிலிருந்து டேப் கிழிபடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சர்ரென்று நீளமாக ஒரு இழுப்பு, பிறகு பல்லால் கடிப்பது போல ஒரு வெட்டு, அப்புறம் அட்டைப்பெட்டியை யாரோ தட்டுவது. இது சமையலறைச் சாமானாக இருக்கும், தட்டுகிற விதம் மெதுவாக இருக்கிறது, கண்ணாடி டம்ளர்கள். ராஜுலுவின் அந்த ஆறு டம்ளரில் ஒன்று போன வருடம் இந்த வீட்டில்தான் உடைந்தது, அப்படியானால் ஐந்து. ஹாலில் உட்கார்ந்தபடியே சபாநடேசன் எதிர்வீட்டை ஒவ்வொரு அறையாகக் காலி செய்துகொண்டிருந்தார். பூனாவுக்குப் போகிறாராம். மகளோடு. இதையும் ராஜுலு வந்து சொல்லவில்லை, வாட்ச்மேன்தான் சொன்னான், அதுவும் தண்ணி லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பேச்சுக்கு நடுவில். லாவண்யாவின் தை மாதக் கல்யாணத்திலிருந்து இந்த ஆனி வரைக்கும் இரண்டு கதவுக்கும் நடுவே பேச்சு இல்லை. எட்டு அடி அகலமுள்ள நடை, அதில் ஒரு செருப்பு ஸ்டாண்டு, வாடிப்போன ஒரு மணிபிளான்ட். சாமான் வண்டி கிளம்பி, பின்னாடியே கார் கிளம்பிவிட்டால் முடிந்தது. பிறகு இந்த மாடியில் கதவைத் தட்ட ஆள் கிடையாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தால், என்று ஒரு நினைப்பு தலையைத் தூக்கியது, அவர் அதை உடனே அமுக்கினார், அது வேறு இடத்தில் தலையைத் தூக்கியது: பால் பாக்கெட் இரண்டு நாள் வாசலில் கிடந்தால்தான் ஒருவேளை யாராவது பார்ப்பார்கள். வாசலில் பால் கெட்டுப்போன நாற்றம் வரும். அதற்குப் பிறகு வேறு நாற்றமும். காட்டேரிக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. அவனுக்குப் பயம் விடியல் மட்டும்தான், பசி மட்டும்தான். திரையின் ஓரத்தில் பசிக்கோடு பாதிக்கு மேல் சிவந்திருந்தது. எலி பிடித்துக் கொடுக்கவேண்டும். கிடங்குக்குப் பின்னால் எலி இருக்கும். எதிர்வீட்டுக்கு எழுந்து போகவேண்டியவர் எழுந்து போகாமல், காட்டேரியையும் எலிக்கு அனுப்பாமல், படகுத்துறைத் தெருவின் கடைசியில் அந்த நீலக் கதவுக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு டேப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விளையாட்டுப் பெட்டி அவருடையதல்ல, ராஜுலுவுடையது. அதையும் இன்று நினைக்காமலிருக்க முடியவில்லை. ராஜுலுவுக்கு வாதம் வந்து வலது கை தொங்கிப்போனபோது, பயிற்சி சொல்லித்தர வந்த பெண், விரலுக்கு வேலை கொடுங்கள் ஐயா, பந்தைப் பிசையுங்கள் என்றாள். ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த மனுஷன், பந்தைப் பிசைய நான் என்ன கைக்குழந்தையா என்று சொல்லிவிட்டு, ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். கடைக்காரன் ஒரு விளையாட்டுத் தட்டை இனாமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான், இதை யாரும் சீந்துவதில்லை, திரும்பத் திரும்பக் கடைக்கே வருகிறது, ஓடினால் ஓட்டுங்கள் என்று. சபாநடேசன் வீட்டு டிவிதான் பெரியது என்பதால் பெட்டி இங்கே வந்தது. வலது விரல் பட்டனில் ஏறவே இல்லை. மூன்றாம் நாள் ராஜுலு ரிமோட்டின் வலது பாதியைச் சபாநடேசன் பக்கம் நீட்டி, இந்தாய்யா, இத நீ புடி என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரே ரிமோட்டை இரண்டு பேர், சோபாவில் தோளோடு தோள் ஒட்டி. இடது பாதியில் இருக்கும் குமிழ் ராஜுலுவுக்கு, அதாவது நடப்பது, ஓடுவது, திரும்புவது. வலது பாதியின் நான்கு பட்டன் சபாநடேசனுக்கு: பெருக்கல்குறி பேச, முக்கோணம் கதவு திறக்க, வட்டம் விலக, சதுரம் கடிக்க. வாழ்க்கை முழுக்க யாரிடமும் முதலில் பேச்சுக் கொடுத்திராத மனிதரிடம் பேச்சு பட்டன் வந்து சேர்ந்தது. ஓய்வு பெறும்வரை நிஜத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை அவருக்கு, கிரேன் இறங்குவதும் ஏறுவதும் பார்த்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பகல் போகும், பேசினால் எண்ணிக்கை தவறும். எட்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி, மூன்று பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமுக்குவார். கோபமாகப் பேசினால் அந்த ஊரில் நினைவு வைத்துக்கொள்வார்கள். ரொட்டிக்காரம்மாவிடம் ஒருமுறை தவறான பதிலை அமுக்கிவிட்டு இரண்டு நாள் மனசு சரியில்லாமல் இருந்தார்.

முதல் ஆட்டத்தில் ஒன்றும் தெரியாமல் கண்டவரையெல்லாம் கடித்தார்கள். காட்டேரி மலைபோல் பலம் ஏறி எல்லா எதிரியையும் அடித்துப்போட்டான், ஆட்டம் முடிந்தது, ஊரில் மீதி ஒன்பது பேர். தெருவெல்லாம் ஜன்னல் இருட்டு. ராஜுலு, ஜெயிச்சுட்டோம்யா என்றார், ஆனால் அவர் குரலிலும் சத்து இல்லை. அந்தத் தட்டை விற்றவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் விற்றிருப்பார்கள் என்று சபாநடேசனுக்கு இப்போது தெரியும். இரண்டாவது ஆட்டத்தில்தான் புரிந்தது, உயிரோடு விட்டால்தான் அவர்கள் கதை சொல்வார்கள். முதலில் கடித்துத் தள்ளிய வலைக்காரனுக்கு ஒரு காதல் இருந்தது, பாலத்துச் சுங்கக்காரிக்குத் திருட்டுத்தனமாக ஒரு புலவன் தம்பி இருந்தான், கோயில் மணி அடிக்கிற தொப்பிக்காரக் கிழவர் தினமும் ஒரு அடி கூடுதலாக அடிப்பார், ஏனென்று கேட்டால் அது கடலில் இருப்பவர்களுக்கு என்பார். இத்தனையும் அங்கேயே இருந்திருக்கிறது, பசியில் தெரியவில்லை. ஒரே ஊர், ஒரே இரவுகள், திரும்ப ஆடினால் வேறு ஊர். இரண்டாவது முறை மீதி இருபத்திரண்டு. மூன்றாவது முறை ஒருவரையும் தொடக்கூடாது, எலியும் பூனையும் கொடுத்தே கரையேற்றுவது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கஷ்டமான காரியம் அது. பலம் ஏறாது, அடிவாங்கிக்கொண்டே போகவேண்டும். அதோடு ஒரு விதி: பசிக்கோடு முழுக்கச் சிவந்துவிட்டால் எந்தப் பட்டனை அமுக்கினாலும் அவன் கடிப்பான். பேச அமுக்கினாலும் கடிப்பான். அந்த மூன்றாவது ஆட்டத்தின் நடுவில்தான் கல்யாணம் வந்தது.

அப்புறம் இரண்டு பாதியையும் இவரே பிடித்தார். இடது கட்டைவிரலுக்கு நடக்கத் தெரியவில்லை. காட்டேரி சுவரில் முட்டினான், சந்தில் சிக்கிக்கொண்டு அதே இடத்தில் கால்மாற்றிக் கால்வைத்தான், படித்துறையில் தண்ணீருக்குள் இறங்கினான். ஆனாலும் ஆள் யாரும் குறையவில்லை. முப்பத்தேழும் முப்பத்தேழாகவே இருந்தது. யாருக்குக் காட்டுவதற்கு? ஒருநாள் கதவு திறக்கும், ராஜுலு வருவார், இன்னும் எத்தினி பேர் கீறாங்க என்று கேட்பார், அப்போது சொல்லவேண்டும். அதற்காகவா? அப்படியும் சொல்ல முடியாது. வந்து கூப்பிடவில்லையே அந்த மனிதர். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் மகளும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டுமாக நடைக்கு வந்ததைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டார். நாற்காலியிலிருந்த செய்தித்தாளை எடுத்து மடித்து வைத்தார். காபிக்குப் பால் இருக்கிறதா என்று பார்த்தார். லிஃப்ட் கதவு திறந்து மூடிற்று. அவர்கள் மூன்றாம் மாடிக்குப் போனார்கள். நான்காம் மாடிக்கும் போனார்கள். கீழ்த்தளத்தில் இஸ்திரிக்காரருக்குக்கூட வைத்தார்கள். சட்டையைக் கழற்றாமல் சாயங்காலம் வரை இருந்தார். நாளைக்கு வரலாம், வேறு நல்ல நாள் பார்த்து வரலாம் என்று நினைத்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் வரையிலும் வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒன்றை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போவது. கெட்டதுக்குத்தான் அழைப்பு பார்க்காமல் போவது. அவர் அம்மா அப்படித்தான் போனாள், அப்பா அப்படித்தான் போனார், வேறு எப்படிப் போவது என்று அவருக்குத் தெரியாது. கல்யாணத்தன்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் நடையில் எதிர்ப்பட்ட ராஜுலு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மணிபிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றினார். எனக்கல்லவா கோபம் இருக்கவேண்டும், இவருக்கு எதற்கு? இந்த இடத்தில் வந்துதான் ஒவ்வொரு முறையும் அவர் நினைப்பு நின்றுபோகும், சந்தில் சிக்கிய காட்டேரி போல, கால்மாற்றிக் கால்வைத்துக்கொண்டு அங்கேயே.

எதிர்வீட்டில் டேப் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? இப்போது கனமான எதையோ தரையில் இழுக்கிறார்கள், பீரோவாக இருக்கும், லிஃப்டில் போகாது, படியில்தான் இறக்கவேண்டும். காட்டேரி நீலக் கதவுக்கு முன்னால் நின்றான். இந்த ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் யாராவது கம் இன் என்று சொன்னால்தான் அவனால் போகமுடியும், காட்டேரிகளுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடாம். அது தெரிந்த அன்றைக்குச் சபாநடேசனுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மற்ற வீட்டில் தட்டினால் உள்ளே குரல் கேட்கும், ஆள் வரும், பேசலாம், பழகினால் ஒருநாள் அழைப்பார்கள். நீலக் கதவில் குரல் இல்லை. ஆனால் ராஜுலு ஒவ்வொரு ஆட்டத்திலும் குமிழைத் திருப்பி அவனை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார். அமுக்குய்யா, போலாம். யாரும் கூப்பிடலையே. கூப்பிடாங்காட்டி இன்னா, அமுக்கித்தான் பாரேன். தப்பு ராஜுலு சார், கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்படி. ராஜுலு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவனைத் திருப்பி அழைத்துப் போவார். நடப்பது அவர் கையில், திறப்பது இவர் கையில். மூன்று ஆட்டத்திலும் அந்தக் கதவைத் திறக்காமலே இருந்தாயிற்று. எதிர்வீட்டுப் பீரோ வாசற்படியில் இடித்தது. யாரோ பார்த்து, பார்த்து என்றார்கள். பசிக்கோடு முக்கால் சிவப்பு. சபாநடேசனின் கட்டைவிரல் முக்கோணத்தின் மேலே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அது இருந்தது. பிறகு, தான்தான் அமுக்கினாரா அல்லது விரல் கனத்தில் அமுங்கிற்றா என்று அவருக்கே தெரியாதபடி, அமுங்கிற்று.

கதவு திறந்தது. தடுப்பு எதுவும் வரவில்லை. உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. சுவரில் ஒரு படம், அதில் ஒரு மாலுமி, முகம் காட்டேரியின் முகம், ஆனால் வெயில் பட்ட நிறம். ஆணியில் அவன் சட்டை. மேசையருகே எதிரெதிராக இரண்டு நாற்காலி. கீழே எழுத்து வந்தது, எழுத்துக் கூட்டினார். வெல்கம் என்பது ஜவுளிக்கடைக் கால்மிதியில் படித்திருக்கிறார். அடுத்தது ஹோம். கட்டடத்துக்குக் கீழே மருந்துக்கடை போர்டில், வீட்டுக்கே கொண்டுவந்து தருவதைச் சொல்கிற வரியில் இருக்கும் அதே சொல். அவன் வீடு. அவன் வீடேதான். அவனை யார் கூப்பிடுவார்கள் அங்கே, அவனே அல்லவா வீட்டுக்காரன். சபாநடேசன் எழுந்துவிட்டார். கண்ணாடியைத் தேடினார், கண்ணாடி மூக்கில் இருந்தது. சட்டை போட்டார், ஒரு பட்டன் மாறிப் போட்டார். பீரோவிலிருந்து எதையோ எடுக்கவேண்டும் என்று இருந்தது, எதை என்று வரவில்லை. கதவைத் திறந்து நடையைக் கடந்தார்.

எதிர்வீடு வெறும் வீடாக இருந்தது. சுவரில் நாட்காட்டி மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு சதுரம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ராஜுலு. லாவண்யாவும் ஆட்களும் கீழே போயிருந்தார்கள். ராஜுலு பார்த்தார், வா என்று சொல்லவில்லை. சபாநடேசன் வாசற்படியில் நின்றார். ஒரு கால் முன்னால் போனது. பிறகு இன்னொன்றும் போனது. உள்ளே இருந்தார்.

"அந்த நீலக் கதவைத் திறந்துட்டேன்," என்றார், வேறு எதுவும் வாயில் வராததால்.

"யார் இருந்தா?"

"யாரும் இல்ல. நம்ம ஆளு வீடுதான் அது."

ராஜுலுவின் முகத்தில் பாதி மட்டும் சிரித்தது. "வீட்டு ஆளுக்கு எவன்யா பத்திரிகை வைப்பான்? வாசல்ல பன்னீர் சொம்போட நிக்க வேண்டிய ஆளு நீ. தாலி கட்ற நேரம் வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தேன்."

சபாநடேசன் தரையைப் பார்த்தார். தரையில் கட்டில்கால் நின்ற நான்கு தடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருக்கலாம்தான் என்றார் ராஜுலு, எனக்குத் தோணல. எனக்கும் தோணவில்லை என்று சபாநடேசனுக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. அப்போதுதான் ராஜுலு அவருடைய கையைப் பார்த்து, இன்னாய்யா இது, பிரிவுபசாரத்துக்கு எலுமிச்சம்பழம் கொண்டாருவாங்க, நீ ரிமோட்ட கொண்டாந்துக்கிற என்றார். கையில் ரிமோட் இருந்தது. கம்பி இல்லாத ரிமோட், வைக்காமலே எழுந்து வந்திருக்கிறார். பெட்டி உங்களோடது, கட்டித் தந்துவிடுகிறேன் என்று தடுமாறினார். அங்க எனக்கு யார் அமுக்குவா, நீயே வச்சுக்க என்று சொல்லிவிட்டு, ராஜுலு இடது கையை நீட்டி ரிமோட்டின் இடது பாதியைப் பிடித்தார். வலது பாதி சபாநடேசனிடமே இருந்தது. உட்கார வேறு நாற்காலி இல்லை, அவர் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எதிரே வெறும் சுவர், வெளுத்த சதுரம்.

"எத்தினி பேர் கீறாங்க?"

"முப்பத்தேழும் இருக்காங்க."

ராஜுலு தலையை மட்டும் இரண்டு முறை ஆட்டினார். பிறகு, வூட்டுக்குள்ளயே குந்திகினு இருந்தா எப்பிடி, வெளிய கூட்டினு வரேன் என்று குமிழைத் தள்ளினார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: இதோ படி, இதோ தெரு, கிடங்கு தாண்டியாச்சு, கோயில் சந்துல திருப்பறேன், யாரோ எதிர்ல வராங்க பாரு, பேசுய்யா. சபாநடேசன் பெருக்கல்குறியை அமுக்கினார். என்ன பேசினே என்றார் ராஜுலு. போயிட்டு வாங்கன்னு சொன்னேன் என்றார் சபாநடேசன். அவர் தோள் ராஜுலுவின் முழங்காலில் பட்டது. ராஜுலுவிடமிருந்து தைல வாசனை.

லாவண்யா வந்தாள், ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றாள், பிறகு, அங்கிள், அப்பாவ அந்தக் கைப்பக்கம் கொஞ்சம் புடிச்சுக்குங்க என்றாள். அந்தக் கை, வலது கை. லேசாக, சில்லென்று, கனமே இல்லாமல் இருந்தது. லிஃப்டில் மூன்று பேரும் எண் மாறுவதைப் பார்த்தபடி இறங்கினார்கள். காரில் ஏற்றிவிட்டபோது ராஜுலு கையை விடுவித்துக்கொள்ளவில்லை, அந்தக் கையால் விடுவித்துக்கொள்ளவும் முடியாது, சபாநடேசன்தான் எடுத்து அவர் மடியில் வைத்தார். கார் திரும்பியது. பீரோவில் எடுக்க நினைத்தது வெள்ளிச்சிமிழ் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மேலே வந்தபோது டிவி எரிந்துகொண்டிருந்தது. மேடையில் புறாக்கள் இல்லை. பல்லி இடம் மாறியிருந்தது. சோபாவில் தன் பாதியில் உட்கார்ந்தார், அடுத்த பாதியைக் காலியாக விட்டு. காட்டேரி நீலக் கதவு வீட்டில் இல்லை. எங்கேயோ ஒரு சந்தில் நின்றிருந்தான், பின்னால் கோபுரம், காலடியில் ஒரு தொப்பி. பசிக்கோடு முழுக்க வெளுத்திருந்தது. அவருக்கு முதலில் விளங்கவில்லை. சுவரில் ஒருதரம்கூட முட்டாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான், கிடங்கு தாண்டி, சரியாகத் திருப்பத்தில் திரும்பி. அப்படி நடக்கவைக்க ஒருவரால்தான் முடியும். நடைக்கு அப்பால் வரைக்கும் ரிமோட் எட்டியிருக்கிறது. படி, தெரு, சந்து, யாரோ எதிரில் வருகிறார்கள், பேசு. பசி முற்றியிருந்த நேரத்தில் பேச அமுக்கியிருக்கிறார், அவன் கடித்திருக்கிறான். நடத்தியது அவர், அமுக்கியது இவர். கோயில் மணி அடிக்கவேண்டிய வேளை வந்தது. அடிக்கவில்லை. கடலில் இருப்பவர்களுக்கான அந்த ஒரு அடியும் அடிக்கவில்லை.

ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்று முறை ஆடியவருக்கு நான்காவது முறை ஒன்றும் பெரிதல்ல. விரல் அந்தப் பக்கம் போகவில்லை. இத்தனை மாதத்தில் இரண்டு பேராகச் செய்த ஒரே காரியம் அது, அதை எப்படி அழிப்பது. இடது கட்டைவிரலால் குமிழைத் தள்ளினார். காட்டேரி சுவரில் இடித்தான், திரும்பினான், மறுபடி இடித்தான், மணிக்காரக் கிழவர் வீட்டு வாசலுக்கு மெதுவாக வந்து சேர்ந்தான். ஆள் செத்த வீட்டுக்கு அந்த ஊரிலும் அழைப்பு வேண்டாம், கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போனான். கட்டில், கயிறு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். சபாநடேசன் எந்தப் பட்டனையும் அமுக்காமல் அவனை அங்கே கொஞ்சநேரம் நிற்கவைத்தார். திரையின் மூலையில் ஊர்க்கணக்கு மாறியிருந்தது. வழக்கம்போல் உதட்டுக்குள் படித்துக்கொண்டார். மீதி முப்பத்தாறு.